குளியலறை விபத்துகளைத் தடுக்கும் வேலைகள்: எதை முதலில், எதைப் பிறகு செய்வது

வழுக்காத மிதியடி ஒன்றையும் கைப்பிடிக் கம்பி ஒன்றையும் வாங்கி வந்து மாட்டிவிட்டால் குளியலறை பாதுகாப்பாகிவிடும் என்று எண்ணியே பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். வேலூர் சத்துவாச்சாரியில் என் தாயார் இருக்கும் வீட்டில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாம் நாளே மிதியடி காலுக்கடியில் நழுவியது; கம்பிக்குத் துளையிட்டபோது சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய் உடைந்தது. பிறகு காட்பாடியிலும் குடியாத்தத்திலும் உறவினர் வீடுகளில் இதே வேலையைச் செய்தபோது, வாங்கும் பொருள்களைவிட வேலைகளைச் செய்யும் வரிசையே முக்கியம் என்பது விளங்கியது. மின்சாரத்தைப் பார்க்காமல் சுவரைத் துளைக்கக்கூடாது, தரையைத் தேய்க்காமல் மிதியடி போடக்கூடாது, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்யாமல் கம்பிக்கு இடம் குறிக்கக்கூடாது. கீழே உள்ள வரிசை அந்தக் காரணங்களால் அமைந்தது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

சாக்குக்கட்டி, அளவு நாடா, டெஸ்டர், டார்ச் விளக்கு ஆகியவை போதும். எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாளும் கொத்தனாருக்கு ஒரு நாளும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இருவரையும் ஒரே நாளில் வரவழைத்தால் ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் துளைக்கத் தொடங்கிவிடுவார். வீடு கட்டியபோது எடுத்த ஒளிப்படங்கள் இருந்தால் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலைக்கு முன் எடுத்த ஒரே ஒரு படம், சுவருக்குள் குழாயும் வயரும் எங்கே ஓடுகின்றன என்று காட்டிவிடும்.

1. இரண்டு நாள் எதையும் வாங்காமல் கவனியுங்கள்

வீட்டில் மூத்தவர் குளியலறைக்குள் போகும்போது கதவுக்கு வெளியே நின்று முதல் நான்கு அடிகளைப் பாருங்கள். கை எதை முதலில் தேடுகிறது? கதவு நிலையையா, குழாயையா, துண்டு போடும் கம்பியையா? தொடும் இடம் ஒவ்வொன்றிலும் அவர் வெளியே வந்த பிறகு சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கத்து போர்வெல் உப்புத் தண்ணீர் இந்த வேலைக்கு ஒரு வகையில் உதவுகிறது. என் தாயாரின் குளியலறையில் இடுப்பளவுக்கு டைல்ஸ் முழுவதும் உப்பு படிந்து வெளுத்துப் போயிருந்தது. குழாய்க்கு வலப்பக்கம், தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மட்டும் புதிது போலப் பளபளத்தது. ஆறேழு வருடமாக அவர் எழுந்திருக்கும்போதெல்லாம் அந்த இடத்தில்தான் கையை ஊன்றியிருக்கிறார். "எனக்குக் கம்பியெல்லாம் எதுக்குடா, நான் எதையும் பிடிக்கிறதே இல்லை" என்று அவர் சொன்னதற்குச் சுவரே மறுப்புச் சொன்னது. கம்பியை எங்கே போடுவது என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிடச் சுவரிடம் கேட்பது நல்லது.

இதே இரண்டு நாளில், எல்லாரும் குளித்து முடித்த பிறகு தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது கதவுக்கு அருகில்தான் இருக்கும். உலர்ந்த தரையிலிருந்து ஈரத்தில் முதல் அடி வைக்கும் இடமும் அதுதான்.

2. மின்சாரம்

விழுந்தால் எலும்பு உடையலாம். மின்சாரம் தாக்கினால் இரண்டாவது வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். இதை முதல் வேலையாக வைப்பதற்கு இது ஒரு காரணம். பின்னால் சுவரைத் துளைக்கப் போகிறோம் என்பது இன்னொரு காரணம்.

மெயின் பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். வரிசையாக இருக்கும் எம்சிபி டிரிப்பர்கள் வயர் சூடேறித் தீப்பிடிப்பதைத் தடுக்குமே தவிர, மனிதர் உடல் வழியே கசியும் சிறிய மின்சாரத்துக்கு அவை துண்டித்து விழுவதில்லை. "டிரிப்பர் இருக்குது சார், பயமில்லை" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் அது எந்த டிரிப்பர் என்று கேளுங்கள். ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

அந்தப் பொத்தான் எர்த் சரியாக இருக்கிறதா என்று சொல்லாது என்பதைப் பலர் அறிவதில்லை. எர்த் குழியில் ஈரம் வற்றினால் அது வேலை செய்யும் திறன் குறைந்துவிடுகிறது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில் மண் எவ்வளவு ஆழத்துக்குக் காய்ந்துபோகிறது என்பது நமக்குத் தெரியும். ஆகவே மார்ச் முதல் மழை வரும்வரை வாரம் ஒரு குடம் தண்ணீரை எர்த் குழியில் ஊற்றுவதையும், எலக்ட்ரீஷியன் வரும் நாளில் கருவி வைத்து அளந்து பார்க்கச் சொல்வதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சுவரோடு சிமென்ட் பூசி மூடப்பட்ட எர்த் குழிகளைக் குடியாத்தத்தில் இரண்டு வீடுகளில் பார்த்தேன். வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே நினைவில் இல்லை.

கீசர், வாஷிங் மெஷின் இரண்டின் சுவிட்சும் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். வாளித் தண்ணீருக்குள் ஹீட்டர் கம்பி போடும் வழக்கம் உள்ள வீடுகளில், அதை நிறுத்திவிட்டுச் சிறிய கீசர் போடுவதே என் பரிந்துரை. உடனே முடியாதென்றால் ஒரு விதியாவது இருக்கட்டும்: சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிளக்கின் முனை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கிடந்த பிறகே வாளியைத் தொட வேண்டும். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பதுதான் இதில் நடக்கும் பெரும் பிழை.

3. வெந்நீரும் கீசரும்

60 டிகிரி வெந்நீர் பெரியவர் தோலையே சுமார் ஐந்து நொடியில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிடக் குறைந்த நேரம் போதும். கீசரில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால் 50 டிகிரி அளவில் நிறுத்துங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர் என்ற வரிசையை வீட்டில் எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டும். வெந்நீரை முதலில் பிடித்துவிட்டுப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்குள் கரண்ட் போய் இருட்டாகிவிடலாம், குழந்தை கையை விட்டுவிடலாம்.

எங்கள் ஊரில் கீசரே இல்லாமலும் சுடும். அக்னி நட்சத்திர நாள்களில் பகல் இரண்டு மணிக்கு மொட்டைமாடிக் குழாயில் நின்ற தண்ணீர் முதலில் வந்து விழும். அந்த முதல் நான்கைந்து மக் தண்ணீரைத் தனி வாளியில் பிடித்து ஆறவைத்த பிறகே கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும்.

உப்புத் தண்ணீரால் கீசருக்குள் சுண்ணாம்பு படிகிறது. சூடேற்றும் கம்பியைப் போலவே, அதிக அழுத்தம் வந்தால் திறந்துவிடும் சேஃப்டி வால்விலும் அது அடைத்துக்கொள்ளும். அந்த வால்விலிருந்து அவ்வப்போது சொட்டுவது அதன் வேலையின் ஒரு பகுதியே. சொட்டுகிறதே என்று ஒரு பிளம்பர் எங்கள் வீட்டில் அதற்கு மூடி போட்டு இறுக்கிவிட்டுப் போனார். அழுத்தம் வெளியேற வழியில்லாத கீசர் வெடிக்கக்கூடியது என்பதால், எவர் சொன்னாலும் அதை அடைக்க விடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கீசரைக் கழற்றிச் சுண்ணாம்பை நீக்கி, வால்வையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சிலிண்டரில் எரியும் கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது. மூடிய அறையில் அது எரியும்போது சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே இருப்பவர் உதவி கேட்பதற்கு முன்பே மயங்கிவிடுவார். வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

4. தரை

வழுக்குவதற்குக் காரணம் தண்ணீர் மட்டும் என்று நினைப்பது சரியன்று. கடின நீரில் சோப்பு சரியாக நுரைக்காமல் பிசுக்காகத் திரிந்து, உப்புப் படிவத்தோடு சேர்ந்து டைல்ஸ் மேல் மெல்லிய ஏடாகப் படர்கிறது. காய்ந்திருக்கும்போது அது தெரியாது, நனைந்ததும் வழுக்கும். ஆகவே மிதியடி வாங்குமுன் அந்த ஏட்டை நீக்க வேண்டும்.

பலர் இங்கேதான் தள்ளுவண்டியில் பாட்டிலாக விற்கும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அது உப்பை மட்டும் அரிப்பதில்லை. டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமென்ட்டையும், மொசைக் தரையையும் அரித்துவிடுகிறது. அரித்த குழிகளில் மறுபடி பிசுக்கு சேர, ஆறு மாதத்தில் தரை முன்னைவிட மோசமாகும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தில் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு, நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். படிவம் கனமாக இருந்தால் அடுத்த நாளும் செய்யுங்கள். மொசைக் தரையானால் இதையும் ஊற்ற வேண்டாம். சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போதும்.

ஆசிட் ஆனாலும் சரி, கழிவறை கழுவும் திரவம் ஆனாலும் சரி, எலுமிச்சை உப்பு ஆனாலும் சரி, பிளீச்சிங் பவுடரோடு எதையும் சேர்க்கக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சிறிதாக உள்ள அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். ஒன்றால் கழுவிய அன்று மற்றொன்றைத் தொடாதிருப்பது எளிய வழி.

தரை சுத்தமான பிறகு, முதல் படியில் குறித்த தேங்கும் இடத்தைப் பாருங்கள். தண்ணீர் வடியும் வாட்டம் (சரிவு) தவறியிருந்தால் கொத்தனாரைக் கொண்டு அந்தப் பகுதியை மட்டும் பெயர்த்துச் சரிசெய்யலாம். புது டைல்ஸ் போடுவதானால் மேட் தரையாக, கடைக்காரரிடம் வழுக்காத தன்மையைக் குறிக்கும் ஆர்11 தரம் என்று கேட்டு வாங்குங்கள். இப்போதைக்கு மாற்ற முடியாதவர்கள் ரப்பர் மிதியடி போடலாம். அடியில் உறிஞ்சு குமிழ்கள் உள்ள மிதியடி வழவழப்பான டைல்ஸில் மட்டும் ஒட்டும். சொரசொரப்பான டைல்ஸிலும் உப்பு படிந்த தரையிலும் ஒட்டாது. என் வீட்டில் மூன்றாம் நாள் நழுவியதற்குக் காரணம் அதுவே. குளியல் முடிந்ததும் மிதியடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உலர்த்தாவிட்டால் அதன் அடியிலேயே பாசி பிடிக்கும்.

5. கதவு

உள்ளே விழுபவர் கதவுக்கும் பேசினுக்கும் நடுவில் விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்வது பிவிசி கதவானால் அரை நாள் வேலை. வெளியே இடமில்லாவிட்டால், வெளியிலிருந்தே கழற்றக்கூடிய கீல் போடச் சொல்லுங்கள்.

தாழ்ப்பாளைப் பொறுத்தவரை, நாணயத்தையோ திருப்புளியையோ வைத்து வெளியிலிருந்து திருப்பித் திறக்கும் வகை கிடைக்கிறது. முதியவர்கள் தாழிடாமல் குளிக்க ஒப்புக்கொள்வது அரிது. அதில் அவர்கள் மானம் இருக்கிறது என்பதால் நான் வற்புறுத்துவதில்லை. சிறு குழந்தை உள்ள வீட்டில் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்திலும், குனிந்த முதுகுள்ள பாட்டிக்கு எட்டும் உயரத்திலும் இருக்க வேண்டும். இரண்டையும் பொருத்துவதற்கு நாலரை அடி எங்கள் வீட்டில் சரியாக வந்தது.

6. கைப்பிடிக் கம்பி

இப்போதுதான் துளைக்க வேண்டும். சாக்குக்கட்டி வட்டங்களில் எது அதிகம் தொடப்பட்டதோ அதுவே முதல் கம்பியின் இடம்.

சுவிட்சுக்கும் கீசருக்கும் நேர் மேலும் கீழும், குழாய்களுக்கு நேர் மேலும் கீழும் வயரோ பைப்போ ஓடும் என்று வைத்துக்கொண்டு அந்தப் பட்டைகளை விலக்குங்கள். மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் டிரில்லால் துளைப்பது நல்லது. டைல்ஸை விரல் கணுவால் தட்டுங்கள். பொள்ளலாக ஒலித்தால் அதன் பின்னால் கலவை இல்லை, அங்கே கம்பி நிற்காது. பிளாஸ்டிக் பிளக்கும் சிறிய ஸ்க்ரூவும் துண்டு போடும் கம்பிக்கு மட்டுமே போதும். மனித எடைக்குச் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரானால் மறுபக்கம் வரை துளைத்து, அங்கே இரும்புத் தகடு வைத்து முடுக்குவதுதான் நம்பத்தக்கது. கம்பி 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, கை முழுவதும் சுற்றிப் பிடிக்கும் அளவுக்கு 32 முதல் 38 மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும். தரம் குறைந்தவை உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும்.

மேற்கத்திய கழிவறைக்குப் பக்கச் சுவரில் கிடைமட்டமாக ஒன்று போதும். குந்தும் கழிவறைக்கு, குந்தியிருக்கும்போது கை எட்டும் உயரத்தில் தொடங்கி நின்ற பிறகு மார்பளவு வரை போகும் செங்குத்துக் கம்பிதான் பயன்படும். குந்தியிருந்து சட்டென்று எழும்போதுதான் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும், அந்த நேரத்தில் கை கம்பியை விடாமல் மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். மேற்கத்திய கோப்பையின் விளிம்பில் ஏறிக் குந்தும் பழக்கம் யாருக்காவது இருந்தால் அதை நிறுத்துங்கள். பீங்கான் உடைந்தால் கத்தியைப் போல ஆழமாக வெட்டும்.

கம்பி பொருத்திய மறுநாள், வீட்டிலேயே கனமானவர் இரு கையாலும் பிடித்து முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். மூத்தவரைக் கொண்டு சோதிக்கக்கூடாது.

உட்கார்ந்து குளிப்பதற்கு, மொட்டைமாடி வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தராதீர்கள். வெயில் பட்ட பிளாஸ்டிக் முறுகிப்போய், ஈரத் தரையில் கால் விரிந்து உடையும். வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள சர்ஜிகல் கடைகளில், காலில் ரப்பர் உறை போட்ட, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் குளியல் நாற்காலி கிடைக்கும். அறுவை சிகிச்சை முடிந்து வருபவர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர்கள் ஒன்று வாங்கி வைத்திருக்கலாம்.

7. சேமித்த தண்ணீர்

நல்ல தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறையே வரும் தெருக்களில் டிரம்மும் அண்டாவும் குளியலறைக்குள்ளேயே நிற்கும். தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால் மூழ்கிவிட வாளியில் இரண்டு அங்குலத் தண்ணீர் இருந்தாலே போதும். தலை கனமாக இருப்பதால் அதனால் தானாக நிமிர முடியாது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். டிரம்முக்குக் குழந்தை தூக்க முடியாத மூடி வேண்டும், அது கொசுவுக்கும் தடை.

8. எண்ணெய்க் குளியலும் இரவு நடையும்

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் வீடுகளில், எண்ணெயைக் குளியலறைக்குள் தேய்க்கக்கூடாது. தாழ்வாரத்தில் பழைய சாக்கின் மேல் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு, உள்ளே நுழையும் முன் உள்ளங்காலை மட்டும் அரப்புத்தூள் போட்டுத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் குளித்தவருக்கு வழுக்குவதைவிட அடுத்துப் போகிறவருக்குத்தான் அதிகம் வழுக்கும், ஏனென்றால் அவர் எதிர்பார்க்கவில்லை. தீபாவளி விடியலில் இருட்டோடு வீடே ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும்போது, ஒவ்வொருவர் வெளியே வந்ததும் சோப்புத்தூளும் வெந்நீரும் ஊற்றித் தரையைத் தேய்த்துவிட ஒருவரை நிறுத்துவது நல்லது.

இரவில் எழுபவர்கள் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே நடக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரும் சில மாத்திரைகள் எழுந்தவுடன் தலைசுற்ற வைக்கும். அப்படி இருந்தால் மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டிலிலிருந்து குளியலறை வரை விடியும்வரை எரியும் சிறிய எல்ஈடி விளக்கு ஒன்று வேண்டும்.

9. இவ்வளவுக்குப் பிறகும் நடந்துவிட்டால்

மின்சாரம் தாக்கியவரைத் தொடாதீர்கள்; முதலில் மெயினை அணையுங்கள். மூச்சு இல்லையென்றால் 108க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை ஆழமாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

வெந்நீர் பட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வளையல், மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஆசிட் தெறித்தாலும் இதேபோலத் தண்ணீர்தான். ஆசிட்டைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது.

விழுந்த முதியவரைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவதுதான் எல்லாரும் முதலில் செய்யும் பிழை. ஒரு கால் சற்றுக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். போர்வை போர்த்தி, அப்படியே படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். எங்கள் பக்கத்தில் கை முறிந்தாலும் கால் முறிந்தாலும் நாட்டு வைத்தியமான புத்தூர் கட்டுக்குப் போகும் பழக்கம் உண்டு. இடுப்பு முறிவுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும் என்பதால், அங்கே போய் வரும் நாள்கள் வீணாகும். தலையில் அடிபட்டு, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, குளியலறைக் கதவின் வெளிப்பக்கம் ஆணியில் மாட்டி வையுங்கள். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது மருந்துப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.